கண்ட கண்ணும் எழுதிய கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

1095ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள். பிரான்சு நாட்டுக் கிளெர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் அர்பன் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கீழ்த்திசைக்குப் படையெடுத்துச் செல்லுமாறு அவர் விடுத்த அழைப்பை ஏற்று, மறு ஆண்டே பல்லாயிரவர் ஆடையில் சிலுவைக் குறியைத் தைத்துக்கொண்டு புறப்பட்டனர். 1099ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் எருசலேம் அவர்கள் வசமாயிற்று. முதலாம் சிலுவைப்போர் என்று வரலாற்று நூல்கள் கூறுவது இதனையே. சென்றவர்கள் அப்பெயரை அறியார். தங்களைத் திருப்பயணிகள் என்றும், தாங்கள் மேற்கொண்டதைப் பயணம் என்றும் மட்டுமே அவர்கள் சொல்லிக்கொண்டனர்.

இத்தனை பெரிய விளைவை உண்டாக்கிய அச்சொற்பொழிவில் திருத்தந்தை கூறியது என்ன? நான்கு இலத்தீன் நூல்கள் அதனை விரிவாகத் தருகின்றன. நான்கும் நான்கு வேறு சொற்பொழிவுகளாக உள்ளன. ஷார்த்ர் நகரத்து ஃபுல்ஷர் தரும் உரையில் திருச்சபையின் சீர்திருத்தமும் கீழைக் கிறித்தவர்க்கு உதவியும் பேசப்படுகின்றன. எருசலேமின் பெயரே அதில் இல்லை. ரைம்ஸ் நகரத்துத் துறவி ராபர்ட் தரும் உரையில் எருசலேம் உலகின் நடுவாகப் புகழப்படுகிறது. பால்ட்ரிக் என்னும் ஆயர் தரும் உரை தம் நாட்டு வீரரின் கொள்ளையையும் கொலையையும் கடிகிறது. நோஜான் மடத்து அதிபர் கிபேர் தரும் உரையில் உலக இறுதியைப் பற்றிய எண்ணம் மேலோங்குகிறது. கிபேர் அவைக்குச் செல்லாதவர். ராபர்ட் தாம் அங்கு இருந்ததாகவே கூறுகிறார். ஆயினும் நால்வரும் எழுதியது எருசலேம் வீழ்ந்த பிறகு. அவருள் மூவர் ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே எழுதினர். இவ்வட்டத்தின் முதற் கூட்டத்தில் பேசப்பட்டதை இன்று நால்வர் தனித்தனியே எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இந்த வேறுபாடு வியப்பளிக்காது.

காண்டல், கருதல், உரை என்று அறிவின் வாயில்களைப் பகுத்துக் கூறுவது தமிழ் மரபு. கண்ணால் காண்பது காண்டல். கண்டதைக் கொண்டு உய்த்துணர்வது கருதல். பெரியோர் வாக்கும் மறைநூலும் உரை. இடைக்கால ஐரோப்பியரும் காண்டலுக்கே வரலாற்றில் முதலிடம் தந்தனர். நிகழ்ச்சியில் உடனிருந்து கண்டவரன்றிப் பிறர் பண்டைக் காலத்தில் வரலாறு எழுதியதில்லை என்று 636இல் மறைந்த செவீய் நகரத்து இசிதோர் எழுதிவைத்தார். சிலுவைப்போர் பற்றி எழுதியவர்கள் இதனை நன்கு அறிவர். ஆகவே ‘கண்டேன்’ என்னும் ஒரு சொல்லுக்கு அவர்களிடையே பெருமதிப்பு இருந்தது. ஆனால் அச்சொல்லை எழுதிய பின்னர் அவர்கள் கண்டதைத்தான் எழுதினார்களா என்பதே இவ்வுரை எழுப்பும் கேள்வி.

முதலாம் சிலுவைப்போரில் உடன்சென்று எழுதியோருள் மூவர் முதன்மையானவர். முதல் நூல் ‘ஃபிராங்கியரும் பிற எருசலேம் பயணிகளும் ஆற்றிய செயல்கள்’ என்னும் பொருள்படும் இலத்தீன் தலைப்புடையது. சுருக்கமாகக் ‘கெஸ்தா ஃபிராங்கோரும்’ எனப்படும். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. தென் இத்தாலியிலிருந்து பொகிமண்ட் என்னும் நார்மன் தலைவனின் படையில் சென்றவர் என்பது நூலால் விளங்கும். இரண்டாமவர் அகிலேர் ரேமண்ட். துலூஸ் பிரபுவின் சிற்றாலயக் குரு. மூன்றாமவர் மேலே சொன்ன ஃபுல்ஷர். இவர் 1097ஆம் ஆண்டு இறுதியில் பால்ட்வின் என்னும் தலைவனுடன் எடெஸ்ஸா நகருக்குப் பிரிந்து சென்றவர். ஆதலால் அந்தியோக்கியா முற்றுகையையோ எருசலேமின் வீழ்ச்சியையோ கண்ணால் கண்டவர் அல்லர்.

பெயர் தெரியாத ஆசிரியரின் இலத்தீன் எளியது. விவிலியத்தின் சொற்களே அவருக்குப் பெரும்பாலும் கைகொடுத்தன. ஆயினும் 1098 சூன் திங்களில் அந்தியோக்கியாவின் மதிலைத் தாண்டிய இரவை அவர் சொல்லும் இடம் படிப்பவரை அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஏணி ஒடிந்துவிடுகிறது. ஏறியவர்கள் உள்ளே, மற்றவர் வெளியே. இடப்பக்கத்தில் ஒரு சிறு வாயில் இருப்பதாகத் தெரியும்; இருளில் அது புலப்படவில்லை. கையால் தடவித் தடவித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். மதிலைத் தடவிய கை எழுதிய பகுதி அது என்பதில் ஐயம் எழவில்லை.

நகரைப் பிடித்த சில நாட்களிலேயே மோசூலின் ஆட்சியாளன் கெர்போகா பெரும்படையுடன் வந்து வளைத்துக்கொள்ள, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு ஆளாயினர். அப்பசியை விளக்க ஆசிரியர் உவமை தேடவில்லை, விலையைச் சொல்கிறார். கோழி ஒன்று 15 சொலிதஸ், முட்டை ஒன்று 2 சொலிதஸ், அக்ரூட் கொட்டை ஒன்று 1 தெனாரியஸ். அத்தி இலையையும் திராட்சை இலையையும் நெருஞ்சி போன்ற முட்செடியையும் வேகவைத்துத் தின்றார்கள். இப்படி 26 நாள் கழிந்தது. அங்காடி விலையை நினைவில் வைத்திருப்பவன் பசித்திருந்தவன். பின்னாளில் எத்தனை பேர் எத்தனை அணி சேர்த்து எழுதியும் இந்த விலைப்பட்டியலை மிஞ்சவில்லை.

துருக்கியரின் போர்த்திறனை அவர் மனமாரப் புகழ்வதும் கருதத்தக்கது. கிறித்தவராக மட்டும் இருந்திருந்தால் அவர்களுக்கு நிகரான வீரர் எவரும் இரார் என்பது அவர் கருத்து. 1097 சூலை முதல் நாள் தோரிலேயம் களத்தில் அவர்தம் அம்புமழையை எதிர்கொண்டவருடைய மதிப்பீடு அது.

இதே ஆசிரியர் கெர்போகாவின் பாசறைக்குள்ளும் புகுந்துவிடுகிறார். அங்கே கெர்போகாவின் தாய் மகனைச் சந்தித்து, கிறித்தவரோடு போரிடாதே என்று நெடுநேரம் எடுத்துரைக்கிறாள். அவள் பேச்சில் விவிலியத்தின் மணம் வீசுகிறது. அதனைக் கேட்டவர் யார்? எவரும் இல்லை. இருளில் வாயிலைத் தடவிய அதே கைதான் இந்தக் காட்சியையும் எழுதியது. இரண்டிற்கும் நடுவே ஆசிரியர் கோடு எதுவும் கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டும் என்று அவர் காலம் அவரிடம் கேட்கவும் இல்லை. கோட்டைத் தேடுவது படிப்பவர் பொறுப்பாகிறது.

1098 டிசம்பரில் மஅர்ரா நகர் வீழ்ந்தது. அரபு மொழியின் பெருங்கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரி பிறந்து, வாழ்ந்து, 1057இல் மறைந்த ஊர் அது. இளமையிலேயே கண்பார்வை இழந்தவர். உயிர்களுக்கு இரங்கி ஊனையும் பாலையும் முட்டையையும் தேனையும் விலக்கியவர். அவர் மறைந்து 41 ஆண்டுகள் சென்று அவ்வூரில் பசி தாளாத படையினருள் சிலர் பிணங்களின் தசையை அரிந்து சமைத்து உண்டனர். இதனை எதிரிகள் புனைந்துரைத்ததாகத் தள்ள இயலாது. இலத்தீன் நூல்களே இதனை ஒப்புக்கொள்கின்றன. படையோடு இருந்த கெஸ்தா ஆசிரியர் இதனை ஒரே வாக்கியத்தில், உணர்ச்சி எதுவும் காட்டாமல் சொல்லிக் கடந்துவிடுகிறார். எடெஸ்ஸாவில் இருந்த ஃபுல்ஷரோ சொல்லவே உடல் நடுங்குவதாக எழுதுகிறார். அருகில் இருந்தவர் நடுங்கவில்லை. தொலைவில் இருந்தவர் நடுங்குகிறார். அருகில் இருந்தவருக்கு நெஞ்சு இறுகிவிட்டதா, அல்லது அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுத அவரால் இயலவில்லையா என்பதை நூல் சொல்லவில்லை.

இனி அகிலேர் ரேமண்ட். அந்தியோக்கியாவில் பசியும் அச்சமும் சூழ்ந்திருந்த நாளில், பீட்டர் பர்த்தலோமியோ என்னும் எளியவன் தனக்குக் காட்சி கிடைத்ததாகக் கூறினான். கிறித்துவின் விலாவைக் குத்திய ஈட்டி தூய பேதுரு ஆலயத்தில் புதைந்துள்ளது என்றான். 1098 சூன் 14ஆம் நாள் தோண்டினார்கள். அங்கு நின்றவருள் ரேமண்டும் ஒருவர். ஈட்டியின் முனை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தபோதே தாம் அதனை முத்தமிட்டதாக எழுதுகிறார். சூன் 28ஆம் நாள் போரில் அந்த ஈட்டியைத் தாமே ஏந்திச் சென்றதாகவும் கூறுகிறார். இதனினும் நெருங்கிய சாட்சி வேறில்லை.

ஐயம் எழுந்தது. 1099 ஏப்ரல் 8, பெரிய வெள்ளியன்று, பர்த்தலோமியோ தீக்குள் நடந்து தன் வாய்மையை நிலைநாட்ட முன்வந்தான். உலர்ந்த ஒலிவக் கிளைகளை இரண்டு வரிசையாக அடுக்கினர். நீளம் 13 அடி, உயரம் 4 அடி, நடுவே ஓரடி வழி. அவன் நடந்தான், 12 நாளில் இறந்தான். தீயால் அவனுக்கு நேர்ந்த தீங்கு சிறிதே என்றும், வெளியே வந்தவனைத் தொட்டு வணங்கப் பாய்ந்த கூட்டமே மிதித்து எலும்பை முறித்தது என்றும் ரேமண்ட் உரைக்கிறார். அங்கு இல்லாத ஃபுல்ஷர், தீயில் வெந்தே அவன் இறந்தான், அவன் சொன்னது வஞ்சம் என்கிறார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. இங்கே கண்டவர் ஈட்டியை முத்தமிட்டவர். அது பொய்யென்றால் அவர் வாழ்வே பொய்யாகும். கேட்டவர் வேறு தலைவனின் குரு. துலூஸ் பிரபுவின் படை பெருமை கொண்டாடிய ஈட்டியை நம்ப வேண்டிய தேவை அவருக்கு இல்லை. விறகடுக்கின் அளவை எழுதிய ரேமண்டை நம்பலாம். பர்த்தலோமியோ இறந்த காரணத்தைக் கூறும் ரேமண்டை அதே அளவுக்கு நம்ப இயலாது.

மூன்று மாதம் கழித்து எருசலேம். நகருக்குள் புகுந்தவர்கள் முசுலிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். அக்சா பள்ளிவாசல் இருக்குமிடத்தை அவர்கள் சாலமோன் ஆலயம் என்று அழைத்தனர். அங்கே இரத்தம் கணுக்கால் அளவு இருந்தது என்று கெஸ்தா கூறுகிறது. ரேமண்டோ முழங்கால் வரையும் குதிரைகளின் கடிவாளம் வரையும் என்கிறார். இந்தக் கடிவாளம் எங்கிருந்து வந்தது? விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டின் பதினான்காம் அதிகாரத்திலிருந்து வந்தது. இறைவனின் சினம் என்னும் திராட்சை ஆலையிலிருந்து பெருகும் இரத்தம் குதிரையின் கடிவாளம் அளவுக்கு உயர்வது அங்கே சொல்லப்படுகிறது. கற்றறிந்த குருமார் இதைப் படித்தவுடன் மூலத்தை அறிந்துகொள்வர். கொலைக்களத்தில் நின்ற ரேமண்ட் தம் கண்ணைக் கேளாமல் மறைநூலைக் கேட்டார். காண்டல் இருக்க வேண்டிய இடத்தில் உரை வந்து அமர்ந்துகொண்டது.

இதனைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ரேமண்ட் பொய்யுரைக்க முனைந்தவர் அல்லர். முன்னறிவிக்கப்பட்டது நிறைவேறியது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதனால் விளைந்த கேடே பெரிது. அந்த ஒரு தொடரால் வாளெடுத்தவர் கை மறைந்து, இறைவனின் ஆலை முன்னால் நின்றது. கொலையுண்ட மாந்தர் திராட்சைக் குலைகள் ஆயினர். அத்தொடர் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது; கடிவாளம் அளவு இரத்தம் என்பதை நடந்த நிகழ்ச்சியின் அளவாகவே எடுத்துக்கொண்டவரும் பலர். மறுபுறத்திலும் எண்ணிக்கை இவ்வாறே வளர்ந்தது. நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்தவரும், எருசலேமில் முன்னர்ப் பயின்றவருமான செவீய் நகரத்து இப்னுல் அரபி மூவாயிரம் என்றார். நூறாண்டுக்கும் மேற்பட்டு எழுதிய இப்னுல் அதீர் எழுபதாயிரம் என்றார்.

வெற்றி கொண்டோரின் நூல்களில் கொலையுண்ட நகரத்தார் ஒருவரின் பெயர்கூட இல்லை. ஆனால் கெய்ரோ நகரத்துப் பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் சுவடி அறையில் கிடைத்த கடிதங்களுள் 1100ஆம் ஆண்டு அஸ்கலோனிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று உண்டு. எபிரேய எழுத்தில், அரபு மொழியில் எழுதப்பட்டது. எருசலேமில் சிறைப்பட்டோரை மீட்கவும் கொள்ளைபோன திருநூல்களை விலைகொடுத்து வாங்கவும் ஆன செலவையும் கடனையும் அது கூறுகிறது. மேலும் பொருள் வேண்டுகிறது. இரத்தத்தின் ஆழத்தை அது அளக்கவில்லை. உயிரோடிருப்பவரை எப்படி மீட்பது என்பதே அதன் கவலை.

ஃபுல்ஷர் 1099 டிசம்பரில்தான் எருசலேமுக்கு வந்தார். வீழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியது கேட்டு எழுதியது. வந்தபோது கண்டறிந்ததாக அவர் எழுதுவது வேறு: கொலை நடந்து ஐந்து மாதம் ஆகியும் மதிலுக்கு உள்ளும் புறமும் அழுகிய உடல்களின் நாற்றம் நீங்கவில்லை. மறைநூல் தந்த செய்தி அன்று அது, மூக்கு அறிந்தது. எருசலேம் படுகொலையைப் பற்றிய இலத்தீன் சான்றுகளில் கடிவாளத்தைவிட இந்த நாற்றமே உறுதியானது.

கண்டதை எழுதியவருள் புளுவா நாட்டுப் பிரபு ஸ்தேவானையும் சேர்க்க வேண்டும். அவர் எழுதியது வரலாறு அன்று. மனைவி அதேலாவுக்குக் கடிதம். 1097இல் நிக்கேயாவிலிருந்து எழுதுகையில், அந்தியோக்கியா தடுக்காவிட்டால் ஐந்து வாரத்தில் எருசலேமை அடைவோம் என்கிறார். ஆனது இரண்டாண்டு. 1098 மார்ச்சு 29ஆம் நாள் அந்தியோக்கியா வெளியிலிருந்து எழுதுகையில், வீட்டை விட்டு வரும்போது இருந்ததைப் போல இருமடங்கு செல்வம் இப்போது தம்மிடம் இருப்பதாகவும், பிற தலைவர்கள் தம்மையே தலைவராகத் தெரிந்தெடுத்ததாகவும் பெருமையோடு தெரிவிக்கிறார். நகர் வீழ்வதற்கு முந்தைய நாள் அளவில் அதே ஸ்தேவான் களத்தைவிட்டு ஊர் திரும்பினார். பழி வந்தது. மனைவியின் வற்புறுத்தலால் 1101இல் மீண்டும் புறப்பட்டு, 1102இல் ரம்லா போரில் மாண்டார். வரலாற்று நூல்கள் முடிவை அறிந்து எழுதப்பட்டவை. இக்கடிதங்கள் முடிவை அறியாதவை. அந்த ஐந்து வாரம் என்னும் கணக்கில்தான் சென்றவர்களின் உண்மையான மனநிலை பதிவாகியிருக்கிறது.

இந்நூல்களின் பிற்கால வாழ்வு எழுத்தாளர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. கெஸ்தா ஐரோப்பாவுக்கு வந்ததும் படித்தவர்கள் முகம் சுளித்தனர். செய்தி பெரியது, நடை கரடுமுரடானது என்றனர். ராபர்ட்டின் மடாதிபதி அந்நூலைக் காட்டி, இதனைத் திருத்தி எழுதுக என்று பணித்தார். பால்ட்ரிக்கும் கிபேரும் தாமே முன்வந்து எழுதினர். கிபேர் தலைப்பையும் மாற்றி, ஃபிராங்கியர் வழியாக இறைவன் ஆற்றிய செயல்கள் என்றார். காணாமல் எழுதலாமா என்று கேட்பார்க்கு, புனிதர் வரலாறுகளும் கேட்டு எழுதப்பட்டவையே என்று விடை தந்தார். திருத்திய நூல்களே வென்றன. ராபர்ட்டின் நூலுக்கு எண்பதுக்கு மேற்பட்ட கைப்படிகள் எஞ்சியுள்ளன; கெஸ்தாவுக்குப் பத்துக்கும் குறைவே. பல நூற்றாண்டு காலம் ஐரோப்பா சிலுவைப்போரை அறிந்தது கண்டவரின் சொல்லால் அன்று, கண்டவரைத் திருத்தியவரின் சொல்லால் ஆகும். கரடுமுரடான நடையைச் செப்பனிட்டதில் தவறில்லை. ஆனால் போரின் பொருளையும் அவர்களே முடிவு செய்து கொடுத்தார்கள்.

பின்வந்த போர்களிலும் கண்டோர் எழுதினர். இரண்டாம் சிலுவைப்போரில் பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயியுடன் சென்ற துறவி ஓதோ, படை அந்தியோக்கியாவை அடையும் இடத்திலேயே நூலை நிறுத்திவிடுகிறார். 1148இல் தமாஸ்கு முற்றுகை தோல்வியில் முடிந்ததை அவர் எழுதவில்லை. 1147இல் லிஸ்பன் நகர் பிடிபட்டதை எழுதிய ஆங்கிலப் படையைச் சார்ந்த குரு, ராவுல் என்பவராகக் கருதப்படுபவர், நகரின் முதிய கிறித்தவ ஆயரைத் தம் தோழமைப் படையினரே கொன்றதை மறைக்காமல் எழுதினார். ஒருவர் தோல்வியின் முன் வாய்மூடினார். மற்றவர் தம் பக்கத்தின் குற்றத்தைச் சொன்னார்.

முடிவாக ஒருவர். தீர் நகரத்துப் பேராயர் வில்லியம். எருசலேமில் பிறந்தவர், பிரான்சிலும் இத்தாலியிலும் இருபதாண்டு பயின்று திரும்பியவர். அரபு நூல்களைக் கொண்டு கீழை ஆட்சியாளரின் வரலாறு ஒன்றும் எழுதினார், அந்நூல் மறைந்துபோயிற்று. எருசலேம் மன்னனின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன் பால்ட்வின், அவரிடம் பயின்றான். உயர்குடிச் சிறுவர் விளையாட்டாக ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கிள்ளிக்கொள்வர். மற்றவர் அலறுவர், பால்ட்வின் பேசாதிருப்பான். வில்லியம் முதலில் அதனைப் பொறுமை என்றே எண்ணினார். பலமுறை நிகழவே, அவனை அழைத்து வினவிக் கையைச் சோதித்தார். வலக்கையில் பாதி உணர்விழந்திருந்தது. தொழுநோயின் தொடக்கம் அது. அச்சிறுவனே பின்னர் நான்காம் பால்ட்வின் மன்னனாகி, இருபத்துநான்கு வயதளவில் மறைந்தான்.

இவ்விடத்தில் வில்லியத்துக்கு மறைநூல் தொடர் ஒன்று எளிதில் கிடைத்திருக்கும். தொழுநோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டும் இடம் விவிலியத்தில் உண்டு. அவர் அதனைத் தேடவில்லை. முதலில் தாம் தவறாக எண்ணியதையும் பிறகு அறிந்ததையும் எழுதினார். தன் கண் முதலில் பிழைத்தது என்று ஒப்புக்கொள்ளும் சாட்சியையே படிப்பவர் நம்புகிறார்.

அவையோரே! போர்க்களங்கள் இன்றும் உள்ளன. கண்டு எழுதுவோரும் உள்ளனர். மொழியில் வல்லவர்க்கு ஆயத்தமான தொடர்கள் எப்போதும் நாவின் நுனியில் நிற்கும். கடிவாளம் அளவு இரத்தம் அப்படி வந்த தொடர். அது வந்ததும் மாண்டவர் மறைந்தனர். முட்டையின் விலையும் இருளில் தடவிய வாயிலும் ஐந்து மாத நாற்றமும் வலியறியாத சிறுவனின் கையும் எந்த ஏட்டிலிருந்தும் வந்தவை அல்ல. ஒன்பது நூற்றாண்டு கடந்து அவற்றைப் படிப்பவர் இன்றும் நின்று படிக்கிறார். கவிதை எழுதுவோர் ஒரு தொடரை எழுதி முடித்தவுடன், இது தம் கண் தந்ததா, ஏடு தந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராயின், அந்தப் பழைய இலத்தீன் நூல்களைப் படித்த பயன் கிடைத்ததாகும்.